பத்தடிக் குடில்: ஜப்பானியக் கவிஞர்களின் தனிவாழ்வு மரபு

கவிஞர் ஒருவர் தமக்குப் பழகிப்போன வீட்டையும் பதவியையும் அன்றாட ஒழுங்கையும் விட்டு நீங்கி, மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ சிறு குடில் அமைத்துக்கொண்டு தனியே இருந்து எழுதும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. அதை ஏறத்தாழ 800 ஆண்டுகள் அறுபடாத மரபாகப் பேணி, அதற்கென்று இலக்கியத்தையும் கட்டடக்கலையையும், அம்மரபைக் குறித்த கேலியையும்கூட வளர்த்துக்கொண்ட நாடு ஜப்பான். புல் வேய்ந்த அக்குடிலை அவர்கள் ‘சோஆன்’ என்றனர். அதில் வாழ்ந்தவர் ‘இன்ஜா’, அதாவது மறைந்து வாழ்பவர். அவர் மேற்கொண்ட செயல் ‘தொன்செய்’, அதாவது உலகிலிருந்து விலகல். தொன்செய் என்பது மடத்தில் சேர்வதன்று. 12ஆம் நூற்றாண்டின் பெரும் பௌத்த மடங்கள் பரந்த நிலங்களும் பதவிப் படிநிலைகளும் கொண்டவையாக, உயர்குடிப் பிள்ளைகள் உயர்பதவி வகிக்கும் இடங்களாக, அரண்மனையின் மறுபதிப்பாகவே இருந்தமையால், விலக விரும்பியவர் அரண்மனையோடு மடத்தையும் சேர்த்தே விட வேண்டியிருந்தது. தலைமுடி மழித்துத் துறவுப் பெயர் சூடிக்கொண்டாலும் அவர் எந்த மடாதிபதிக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்.

இவர்களை மனிதரை வெறுத்து ஓடியவர்கள் என்று படிப்பது எளிது. பாடநூல்கள் பலவும் அப்படித்தான் படிக்கின்றன. ஆனால் அவர்களே எழுதிவைத்தவற்றைக் கூர்ந்து நோக்கினால் குடில் என்பது அளந்து அமைக்கப்பட்ட ஒரு தொலைவு என்பதும், பழைய பழக்கத்தை உடைக்க வந்த குடிலே புதிய பழக்கமாகிவிடும் என்ற ஐயம் அம்மரபின் உள்ளேயே தொடக்கம் முதல் இருந்துவந்தது என்பதும் தெரியவரும்.

மரபின் வேர் சீனத்தில் இருக்கிறது. தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜூயி, 815இல் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டு ஜியாங்ஜோ என்ற தொலைதூர ஊரில் சிறு பதவியில் அமர்த்தப்பட்டபோது, 817இல் லூஷான் மலையில் ஒரு புற்குடில் கட்டி அதைப் பற்றிய உரைநடைக் குறிப்பையும் எழுதினார். பின்னாளில் 829இல் எழுதிய கவிதை ஒன்றில் அவர் துறவிகளைத் தரம் பிரித்தார்: மலைக்காட்டில் ஒளிபவர் சிறிய துறவி, சந்தைக்கும் அரசவைக்கும் நடுவே மறைந்திருப்பவர் பெரிய துறவி, வேலைப்பளு இல்லாத பதவியில் சம்பளத்தோடு ஒதுங்கியிருப்பவர் நடுத்தரத் துறவி. அவர் தம்மை மூன்றாம் வகையில் வைத்துக்கொண்டதில் குறும்பும் உண்டு, நேர்மையும் உண்டு. ஜப்பானில் பாய் ஜூயி அளவுக்குப் படிக்கப்பட்ட சீனக் கவிஞர் வேறொருவர் இல்லை. 982இல் யோஷிஷிகே நோ யசுதானே என்ற அரசவை அலுவலர், ஜப்பானின் அன்றைய தலைநகரான கியோத்தோவுக்குள்ளேயே தாம் கட்டிக்கொண்ட குளத்தங்கரை வீட்டைப் பற்றிச் சீன மொழியில் எழுதிய குறிப்பு இவ்வழியில் வந்ததே. அதில் விலகல் இன்னும் ஒரு வேலியளவுதான். பகலில் அலுவலகம், மாலையில் குளக்கரை.

முழுதாக விலகியவர்களில் பெரும்புகழ் பெற்றவர் சைக்யோ (1118–1190). ஓய்வுபெற்ற பேரரசர் தோபாவின் காவற்படையில் பணிபுரிந்த அவர் 1140இல் துறவு பூண்டு, தலைநகரின் ஓரங்களிலும், செர்ரி மலர்களுக்குப் பேர்போன யோஷினோ மலையிலும், நெடுங்காலம் கோயா மலையிலும், பிற்காலத்தில் இசே கடற்கரைப் பகுதியிலும் குடில்களில் வாழ்ந்தார். இவ்விலகல் கவிதைக்கு என்ன செய்தது என்பதை அறிய, அரசவைக் கவிதை எப்படி இயற்றப்பட்டது என்பதை அறிய வேண்டும். அங்கே கவிஞர்களுக்குத் தலைப்புகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. ‘இளவேனிற் பனிமூட்டம்’ என்று தலைப்பு வந்தால், பனிமூட்டத்தை அவ்வாண்டு கண்ணால் காணாதவரும் முன்னோர் பாடல்களின் சொற்களைக் கொண்டே பாடிவிடலாம். சைக்யோ அந்தச் சொற்களைக் கைவிடவில்லை. அவற்றைப் பனிமூட்டத்தின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார். 1205இல் அரச ஆணைப்படி தொகுக்கப்பட்ட ‘ஷின் கோகின்ஷூ’ என்ற தொகை நூலில் வேறெவரையும்விட அதிகமாக அவருடைய 94 பாடல்கள் இடம்பெற்றன. ஆயினும் அவர் தலைநகரோடு தொடர்பை அறுத்துக்கொண்டவரல்லர். முதுமையில், தம் பாடல்களைத் தாமே இணை இணையாக எதிரெதிர் வைத்து, தீர்ப்பு எழுதித் தருமாறு அரசவையின் முதன்மைப் புலவர்களான ஷுன்செய்க்கும் அவர் மகன் தெய்க்காவுக்கும் அனுப்பிவைத்தார். மலையில் எழுதியதற்கு மதிப்பீடு நகரத்திலிருந்தே வர வேண்டியிருந்தது.

குடிலுக்கு இலக்கணம் வகுத்த நூல் கமோ நோ சோமெய் 1212இல் எழுதி முடித்த ‘ஹோஜோகி’. ஹோஜோ என்பது ஒரு ‘ஜோ’ நீளமும் ஒரு ‘ஜோ’ அகலமும் உள்ள சதுரம். ஒரு ஜோ ஏறத்தாழ 3 மீட்டர். தமிழ்நாட்டு நகரங்களில் வாடகைக்கு இருப்பவர்கள் ‘பத்துக்குப் பத்து அறை’ என்று சொல்லும் அதே அளவுதான். அளவு தற்செயலானதன்று. வைசாலி நகரத்து இல்லறத்தாரான விமலகீர்த்தி, பத்தடிச் சதுர அறையொன்றில் நோயுற்றுப் படுத்திருந்தபடியே புத்தரின் சீடர்களை வாதில் வென்றதாகக் கூறும் மகாயான மரபிலிருந்து அது வந்தது. சோமெய் விமலகீர்த்தியின் பெயரைச் சொல்லித்தான் தம் குடிலை அதனோடு ஒப்பிட்டு, தம் நடத்தை அதற்கு எட்டவில்லை என்று நொந்துகொள்கிறார்.

சோமெய் தலைநகரின் கமோ கோயில்களில் பரம்பரைப் பூசகர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்ததால் பதவிப் பாதை அடைபட்டது. கவிதையிலும் ‘பிவா’ என்னும் நரம்பிசைக் கருவியிலும் தேர்ச்சி பெற்றார். ஓய்வுபெற்ற பேரரசர் கோ-தோபா 1201இல் மீண்டும் நிறுவிய கவிதை அலுவலகத்தில் உறுப்பினராகும் பேறு அவருக்குக் கிடைத்தது. பின்னர் கமோவைச் சார்ந்த ததாசு கோயிலின் பூசகர் பதவியை அவருக்கு அளிக்கப் பேரரசர் விரும்பியபோது, உறவினர் ஒருவர் எதிர்த்துத் தடுத்துவிட்டார். 1204ஆம் ஆண்டையொட்டி, ஐம்பதாம் வயதளவில், சோமெய் அரசவையை விட்டுத் துறவு பூண்டு ஓஹாரா மலைப்பகுதியில் சில ஆண்டுகள் தங்கி, பிறகு தலைநகருக்குத் தென்கிழக்கே உள்ள ஹினோ மலையில் குடியேறினார். கிடைக்காமற்போன பதவிதான் அவரைக் குடிலுக்கு அனுப்பியது என்பதை மறைக்கத் தேவையில்லை. அதற்கு முன்னரே அவர் கண்டவையும் ஏராளம்: 1177இன் பெருந்தீ, 1180இன் சூறைக்காற்று, அதே ஆண்டில் தலைநகரையே இடம்மாற்றிய குழப்பம், 1181–82இன் பஞ்சம், 1185இன் நிலநடுக்கம். பஞ்சத்தின்போது நின்னாஜி மடத்துத் துறவி ஒருவர், தெருவில் கிடந்த பிணங்கள் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘அ’ என்ற எழுத்தை எழுதிச் சென்றார் என்றும், தலைநகரின் கிழக்குப் பாதியில் மட்டும் இரண்டு மாதங்களில் எண்ணிக்கை 42,300ஐத் தாண்டியது என்றும் சோமெய் பதிவுசெய்கிறார். அந்த ‘அ’ இந்தியாவிலிருந்து சென்ற சித்தம் எழுத்தில் எழுதப்பட்டது. தமிழின் ‘அ’வும் அதுவும் பிராமியிலிருந்து கிளைத்தவை.

நூலின் பிற்பாதி குடிலை அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது. உயரம் ஏழு அடிக்கும் குறைவு. அடித்தளம் தோண்டி நிலைநிறுத்தாமல், தரைமேல் சட்டம் வைத்து, மரங்களின் பொருத்துவாய்களில் இரும்புக் கொக்கிகள் மாட்டப்பட்டிருந்தன. இடம் பிடிக்காவிட்டால் கொக்கிகளைக் கழற்றி, முழு வீட்டையும் இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போகலாம், வண்டிக் கூலி தவிர வேறு செலவில்லை. கிழக்கே சுள்ளி எரிக்க மூன்றடிக்கு மேல் நீண்ட தாழ்வாரம். தெற்கே மூங்கில் திண்ணை. வடக்கே தடுப்புக்கு அப்பால் அமிதாப புத்தரின் படமும், அதன் முன் தாமரைச் சூத்திரமும். கிழக்கு ஓரத்தில் உலர்ந்த பெரணி இலைப் படுக்கை. தென்மேற்கில் தொங்கும் மூங்கில் பரணில் கருந்தோல் போர்த்திய மூன்று பெட்டிகள், அவற்றுள் கவிதை நூல்களும் இசை நூல்களும் பௌத்த நூல்களின் சாரமும். பக்கத்தில் மடித்து வைக்கத்தக்க ஒரு யாழும் கழற்றிப் பூட்டத்தக்க ஒரு பிவாவும். எல்லாமே கழற்றக்கூடியவை, மடிக்கக்கூடியவை, தூக்கிச் செல்லக்கூடியவை. முப்பது வயதையொட்டிப் பாட்டியின் வீட்டை விட்டு வெளியேறியபோது கட்டிய வீடு பாட்டியின் வீட்டில் பத்தில் ஒரு பங்குதான் என்றும், இக்குடிலோ அந்த இரண்டாம் வீட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்றும் அவர் கணக்குச் சொல்கிறார்.

நாள் எப்படிக் கழிந்தது என்பதும் நூலில் இருக்கிறது. வழிபாட்டில் மனம் செல்லாத நாளில் அவர் விட்டுவிடுவார். தடுப்பாரும் இல்லை, பார்த்து முகம் சுளிப்பாரும் இல்லை. மலையடிவாரத்தில் மலைக்காவலர் ஒருவரின் குடில் இருந்தது. அங்கிருந்த பத்து வயதுச் சிறுவன் அவ்வப்போது வருவான், அறுபது வயதுக்காரரும் பத்து வயதுக்காரனும் சேர்ந்து காட்டுக் கிழங்கின் காய்களும் கீரையும் பறிக்கப் போவார்கள். வானம் தெளிந்த நாளில் உச்சியில் ஏறி, ஃபுஷிமி, தோபா முதலிய தலைநகர்ப் புறங்களைப் பார்ப்பார். ஹினோவிலிருந்து தலைநகர் ஒரு பொழுதில் நடந்து சேரும் தொலைவே. அங்கே போக நேர்ந்தால் தம் இரவலர் கோலத்தை எண்ணி நாணுவதாக அவரே எழுதுகிறார். ஆகப் போகாமல் இருந்ததில்லை. நூலை முடிப்பதற்கு முந்தைய ஆண்டான 1211இல், அவர் நெடும்பயணம் செய்து காமகுராவுக்குச் சென்று, கவிதை ஆர்வலரான இளம் ஷோகன் (படையாட்சித் தலைவர்) சனேதோமோவைச் சந்தித்திருக்கிறார். அச்சந்திப்பைப் பற்றி ஹோஜோகியில் ஒரு சொல்லும் இல்லை.

நூலின் இறுதிப் பகுதியே இம்மரபு முழுவதற்கும் அடிக்கல். எதன்மீதும் பற்று வைக்காதே என்பது புத்தரின் போதனை, அப்படியானால் இக்குடிலை நேசிப்பதும் குற்றமல்லவா என்று சோமெய் தம் மனத்தையே கேட்கிறார்; மனம் விடை சொல்லவில்லை; நாவினால் புத்தர் பெயரை இரண்டு மூன்று முறை உச்சரித்து எழுத்தை நிறுத்திக்கொள்கிறார். தாம் கட்டிய குடிலைப் புகழ்ந்து நூல் எழுதிவிட்டு அதையே குற்றக்கூண்டில் ஏற்றும் இந்த முடிவு நாடகத்திற்காகச் செய்யப்பட்டதென்று சிலர் கருதலாம். யசுதானேயின் குறிப்பை முன்மாதிரியாகக் கொண்ட நூலில் உத்தி இருப்பது இயல்பே. ஆனால் கேள்வி உத்தியைவிடப் பெரியது.

துறவிக் கவிஞர் யோஷிதா கென்கோ 1330ஆம் ஆண்டையொட்டி எழுதிய ‘சுரேசுரேகுசா’வில் இக்கேள்வி கேலியாகிறது. குருசுனோ என்ற இடத்தின் வழியே மலையூர் ஒன்றுக்குச் சென்ற கென்கோ, பாசி படர்ந்த பாதையின் முடிவில் ஒரு குடிலைக் காண்கிறார்: உதிர்ந்த இலைகள் மூடிய மூங்கில் குழாயிலிருந்து நீர் சொட்டும் ஒலி தவிர வேறு ஓசையில்லை, புத்தருக்கு நீர் வைக்கும் பலகையில் செவ்வந்தியும் சிவந்த இலைகளும். இப்படியும் வாழ முடிகிறதே என்று வியந்து நிற்கையில், தோட்டத்தில் கிளை வளையக் காய்த்த ஆரஞ்சு மரம் ஒன்றும், அதைச் சுற்றி யாரும் பறிக்காதபடி போட்ட நெருக்கமான வேலியும் கண்ணில் படுகின்றன. அந்த மரம் இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லி அவர் நகர்ந்துவிடுகிறார். சோமெய் பக்கம் பக்கமாகத் தவித்ததை ஒரு வேலி சொல்லிவிட்டது.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் வணிகர்கள் இம்மரபைக் கையில் எடுத்தனர். சகாய் துறைமுகத்துச் செல்வர்கள் தம் வீட்டின் பின்புறத்தில், மரங்கள் மறைக்க, புல் வேய்ந்த சிறு தேநீர்க் குடில்களைக் கட்டினர். நாலரைப் பாய் விரிக்கத்தக்க அறை அவற்றின் நிலையான அளவாயிற்று, பின்னர் தேநீர்க்கலை ஆசான் சென் நோ ரிக்யூ அதை இரண்டு பாய் அளவுக்கும் குறைத்தார். இதற்கு ‘நகர்நடு மலைவாசம்’ என்று பொருள்படும் பெயர் வழங்கியதைப் போர்ச்சுகீசிய ஏசு சபைத் துறவி ஜோவாவோ ரோட்ரிகேஸ் குறித்துவைத்திருக்கிறார். விலகல் இங்கே சில நாழிகை நேரத்துக்குரியதாயிற்று. வாள் வைத்திருப்பவர் அதை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்து உள்ளே நுழைய வேண்டும். இதைப் போலித் துறவு என்று தள்ளிவிடுவோர் உண்டு. குடிலில் நிலையாகத் தங்கினால் அதுவும் பழகிப்போகும் என்ற சிக்கலுக்கு, தங்காமல் வந்துபோவது ஒரு விடை என்ற அளவிலேனும் அதை மதிக்க வேண்டும்.

மற்றொரு விடையை ஹைக்கூக் கவிஞர் மத்சுவோ பாஷோ (1644–1694) கண்டார். 1916இல் ‘சுதேசமித்திரன்’ இதழில் பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய காலந்தொட்டு ஹைக்கூ தமிழுக்கு அறிமுகம். பாஷோவை வழிப்போக்கராகவே பலரும் அறிவர். ஆனால் அவர் முதலில் ஒரு தொழிலர். எடோ (இன்றைய தோக்கியோ) நகரின் வணிகப் பகுதியான நிஹோன்பாஷியில், ‘ஹைக்காய்’ என்னும் கூட்டுத் தொடர்கவிதையின் ஆசானாகக் கடை விரித்திருந்தார். அத்தொழிலின் வருவாய், வாடிக்கையாளர்கள் எழுதித் தரும் வரிகளுக்கு மதிப்பெண் இட்டுக் கட்டணம் பெறுவதில் இருந்தது. மதிப்பெண் தாராளமாக இருந்தால் கூட்டம் கூடும். சில ஆண்டுகள் நகரின் நீர்க்கால்வாய்ப் பணியிலும் அவர் ஈடுபட்டிருந்தார். 1680 குளிர்காலத்தில் இவற்றை விட்டு, சுமிதா ஆற்றுக்கு அப்பால் சேறும் நாணலுமாகக் கிடந்த ஃபுககாவாவுக்கு இடம்பெயர்ந்தார். அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் நட்டுவைத்த ‘பாஷோ’ என்ற வாழையால் குடிலுக்கும், குடிலால் அவருக்கும் அப்பெயர் நிலைத்தது. அது தமிழர் வாசலில் கட்டும் குலைவாழையன்று. உண்ணத்தக்க கனி தராது, இலை காற்றில் கிழியும், தண்டு மரவேலைக்கு உதவாது. எதற்கும் உதவாமையே அதன்மேல் தமக்குள்ள விருப்பத்துக்குக் காரணம் என்று பாஷோ எழுதினார்.

1682 இறுதியில் நகரைத் தின்ற பெருந்தீயில் குடில் எரிந்தது. மறு ஆண்டு நண்பர்கள் நன்கொடை திரட்டிப் புதியது கட்டித் தந்தனர். குடில் அவருக்குத் தங்குமிடமாக இருந்ததைவிடப் புறப்படும் இடமாகவே இருந்தது. 1684இல் முதல் பெரும் பயணம். 1689 இளவேனிலில் குடிலைப் பிறருக்கு விட்டுவிட்டு வடநாட்டுக்கு ஏறத்தாழ 2,400 கி.மீ. பயணம். அக்களைப்போடு 1690 கோடையில் அவர் தங்கியதுதான் பீவா ஏரியின் தென்கரையில், இஷியாமாவுக்குப் பின்னுள்ள மலைமீது இருந்த கெஞ்சூ-அன், அதாவது ‘மாயை உறையும் குடில்’. செசே நகரத்து சாமுராயும் மாணவருமான கியோகுசுய் என்பவரின் மறைந்த உறவினருக்குரிய, பாழடைந்து கிடந்த குடில் அது. அங்கே பாஷோ எழுதிய குறிப்பு சோமெயின் நூலை வெளிப்படையாகவே பின்பற்றினாலும், சோமெயைப் போலப் பெட்டிகளையும் கருவிகளையும் எண்ணுவதில்லை. தலையணைக்கு மேலே தூணில் தொங்கும் கிசோ நாட்டு மரப்பட்டைத் தொப்பியும் கோஷி நாட்டுப் புல் மழையங்கியும் மட்டுமே உடைமைகளாகத் தெரிகின்றன. இரண்டும் வழிப்போக்கர் அணிவன. பள்ளத்து ஊற்றில் சொட்டும் நீரை மொண்டுவந்து தாமே சமைத்தார். பின்புறத்துப் பைன் மரத்தில் தட்டி கட்டிப் பாய் விரித்து, அதற்குக் ‘குரங்கு இருக்கை’ என்று பெயரிட்டு அமர்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் ஏறிவந்து, காட்டுப்பன்றி நெல்லைத் தின்றதையும் முயல் பயற்றங்கொல்லையில் புகுந்ததையும் சொல்லிப்போனார்கள். நான்கு மாதங்கள் நிறையும் முன்பே இறங்கிவிட்டார். குறிப்பை மட்டும் விடவில்லை. பலமுறை திருத்தி, கியோராய் என்ற மாணவரிடம் கருத்துக் கேட்டு, 1691இல் ‘சருமினோ’ தொகுப்பில் வெளியிட்டார். எளிமையாகத் தோன்றும் அவ்வுரைநடைக்குப் பின்னால் இத்தனை வேலை இருந்தது. 1693இல் எடோவில், பார்வையாளர் தொல்லை தாங்காமலும் உறவினர் ஒருவரின் இறப்பாலும் சோர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதம் வாயிற்கதவை அடைத்துக்கொண்டார்; அதற்கும் ஒரு விளக்கவுரை எழுதினார். மறு ஆண்டே மீண்டும் புறப்பட்டு, வழியில் ஒசாகாவில் இறந்தார்.

மெய்ஜி காலத்தில் இம்மரபு மேற்கத்தியக் கண்ணாடியின் வழியே பார்க்கப்பட்டது. மாணவராயிருந்த நத்சுமே சோசெகி, ஆங்கில ஆசிரியரின் வேண்டுகோளுக்கிணங்க 1891இல் ஹோஜோகியை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவ்வாசிரியர் சோமெயை ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தோடு ஒப்பிட்டார். 1905இல் வெளிவந்த மற்றொரு மொழிபெயர்ப்பு அவரை 12ஆம் நூற்றாண்டின் தோரோ என்றே தலைப்பில் அழைத்தது. பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட, அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் வால்டன் குடில் அளவில் நெருங்கியதே. ஒப்பீடு அதற்குமேல் செல்லாது. தோரோ 1845இல் குடில் புகுந்தபோது அதை ஓர் ஆய்வாகக் கருதி, ஆணிக்கும் பலகைக்கும் ஆன செலவை எழுதி, 1847இல் ஊர் திரும்பினார். சோமெய்க்குத் திரும்பிப் போக இடமில்லை.

குடிலின் செலவை ஜப்பானியக் கவிஞர்கள் பெரும்பாலும் எழுதவில்லை; எழுதியிருந்தால் பிறர் பெயர்களே நிறைந்திருக்கும். பாஷோவின் ஃபுககாவா வாழ்வுக்குத் துணைநின்றவர் ஷோகன் அரண்மனைக்கு மீன் வழங்கிய வணிகர் சன்பூ. எச்சிகோவின் குகாமி மலையில் கவிஞர் ரியோகான் (1758–1831) வாழ்ந்த கோகோ-அன் என்ற குடிலின் பெயரே, முன்பு அங்கிருந்த முதுதுறவிக்குக் கோயில் நாள்தோறும் அளந்த ஐந்து ‘கோ’, அதாவது ஏறத்தாழ 0.9 லிட்டர், அரிசியைக் குறிப்பது. இம்மரபின் பிற்காலத்தவரான ஓசாகி ஹோசாய், சட்டம் படித்துக் காப்பீட்டு நிறுவனத்தில் உயர்பதவி வகித்து, மதுவால் அதை இழந்து, கோயில் கோயிலாக ஏவலாளாக இருந்து, 1925 ஆகஸ்டில் உள்நாட்டுக் கடலிலுள்ள ஷோதோ தீவின் நாங்கோ-அன் குடிலை அடைந்தார். ஆசிரியர் செய்சென்சுயியும் தீவின் கவிதை அன்பர்களும் செய்த ஏற்பாடு அது. 1926 ஏப்ரலில் காசநோயால் இறக்கும்வரை எட்டு மாதங்கள் அங்கே தனியே இருந்து எழுதிய கட்டற்ற ஹைக்கூக்களே அவரை நிலைநிறுத்தின. அந்த எட்டு மாதங்களில் அவர் எழுதிக் குவித்த மற்றொன்று கடிதம். சோமெய்க்கு மலையிறங்கும் பாதை இருந்தது போல ஹோசாய்க்குத் தபால் இருந்தது. கவிதைகள் அதன் வழியே செய்சென்சுயியின் ‘சோஉன்’ இதழுக்குச் சென்றன, உதவி வேண்டிய கடிதங்களும் அதன் வழியே சென்றன.